மூன்றாவது பெடல்: வோல்வோ 240-இல் மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்துதல்

ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றும் வேலை பாதியில் நின்றுபோனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸாக இருக்காது. ஒரு கியர்பாக்ஸைக் கழற்றி இன்னொன்றை ஏற்றுவது எந்த நல்ல மெக்கானிக்குக்கும் பழகிய வேலை. வண்டி ஜாக் ஸ்டாண்டின் மேல் மாதக்கணக்கில் நிற்பது கிளட்ச் கேபிளைப் பிடிக்கும் ஒரு சிறு தகட்டுக்காக, நான்கு விரல் நீளம் குறைந்த ஒரு ஷாஃப்டுக்காக, கடையில் கிடைக்காத எட்டு போல்ட்டுக்காக. ஆகவே இந்த அத்தியாயம் ஸ்பானரைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாகங்களைப் பற்றிப் பேசுகிறது. முழுத் தொகுப்பும் கண் முன்னால் இருந்தால் ஒழிய வண்டியைத் தூக்காதீர்கள்.

எடுத்துக்காட்டாக வோல்வோ 240-ஐ வைத்துக்கொள்கிறோம். 1974 முதல் 1993 வரை சுவீடனில் தயாரான வண்டி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை நிறைய. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி குறைவு. இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, பின்சக்கர இயக்கம், கீழே கை நுழைய இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தத்தால் தானே தீர்மானித்து கியர் மாற்றுகிறது. அதற்கென்று கம்ப்யூட்டர் கிடையாது. புதிய கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கழற்றினால் மற்றது எச்சரிக்கை விளக்கைப் போட்டு இன்ஜின் சக்தியையும் குறைத்துவிடும். அங்கே பாதி வேலை மென்பொருளில்தான் நடக்கிறது. 240-இல் அந்தத் தொல்லை இல்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகை வண்டிகளில் உள்ளே இருப்பதே மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்சையும் கியரையும் மனிதக் கால், கைக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. அதனால் மாற்றுவது எளிது என்று தோன்றும். ஆனால் அந்தக் கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்ஜினோடு பிணைந்திருப்பதால் அது தனிப்பட்ட வேலை. இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது. மேலும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலில் எழுத்தில் கேளுங்கள். தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகிவிடலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

240-இல் பெரும்பாலும் இருப்பது ஜப்பானின் ஐசின்-வார்னர் செய்த ஏ.டபிள்யூ.70 ஆட்டோமேட்டிக். மூன்று கியரும், நான்காவதாக ஓவர்டிரைவும் கொண்டது. எளிதில் சாகாத கியர்பாக்ஸ். "நாலாவது கியர் விழவில்லை, ஆட்டோமேட்டிக் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு ஓவர்டிரைவ் ரிலேயோ சோலனாய்டோதான் பழுது. ரிலேயைக் கழற்றிச் சால்டர் விட்டுப்போன இடத்தைப் பாருங்கள், கியர் லீவரில் உள்ள பொத்தானின் கம்பியைப் பாருங்கள், ஆயில் மட்டத்தைப் பாருங்கள். அரை நாளில் சரியாகிற பழுதுக்காக யாரும் வண்டியின் நடுப்பகுதியையே பிரிக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் மிச்சமாகும் என்ற எண்ணத்தோடு மாற்றுபவர்களும் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். ஏ.டபிள்யூ.70-இன் ஓவர்டிரைவ் விகிதம் 0.69. 240-இன் மேனுவல் கியர்பாக்ஸ்களின் கடைசி கியர் ஏறத்தாழ 0.8. பின் ஆக்ஸில் 3.73 விகிதம் கொண்டதாகவும், டயர் 185/70 ஆர்14 ஆகவும் இருந்தால், மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,200 சுற்றுக்குச் சற்று மேலே ஓடும். மேனுவலில் 2,600-ஐ நெருங்கும். நெடுஞ்சாலையில் இன்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றும் என்று அர்த்தம். 3.31 விகித ஆக்ஸில் கிடைத்து அதையும் மாற்றினால் சுற்று மறுபடி 2,300-க்குக் கீழே வந்துவிடும். ஆனால் அது வேறொரு செலவு. நகரத்துக்குள் டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கல் இல்லாமல் போவதால் ஓரளவு மிச்சம் உண்டு. நான் சொல்வது இதுதான்: வண்டியைத் தன் கையால் ஓட்டும் இன்பத்துக்காக மாற்றுங்கள், அல்லது ஆட்டோமேட்டிக் உண்மையிலேயே செத்து, நல்ல மேனுவல் தொகுப்பு கைக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். பணம் மிச்சப்படுத்த மாற்றாதீர்கள்.

பாகம் எடுக்கும் வண்டி

வண்டி உடைக்கும் யார்டில் ஒரு மேனுவல் 240 நிற்கிறது என்றால், கியர்பாக்ஸை மட்டும் விலை பேசாதீர்கள். நீங்களே போய், நீங்களே கழற்றுங்கள். கழற்றும்போதுதான் எது எதோடு சேர்கிறது என்பது மனதில் பதியும். பிறகு உங்கள் வண்டியில் மாட்டும்போது அந்த ஞாபகம்தான் வழிகாட்டும். கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், ஃபிளைவீல், அதன் போல்ட்டுகள், பெடல் பெட்டி முழுதாக, கேபிள், அதன் தாங்கி, கியர் லீவர், அதன் ரப்பர் உறைகள், நடுக் கன்சோல், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்பாதி, ரிவர்ஸ் விளக்கு சுவிட்சும் அதன் கம்பியும் என்று எல்லாவற்றையும் எடுங்கள். கம்பியை வெட்டாதீர்கள்; பிளக்கோடு எடுங்கள். எந்தப் போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று சிறு பைகளில் போட்டு எழுதிவையுங்கள்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல் ஆகியவற்றைப் பழையதாக எடுக்க வேண்டாம். புதிதாக வாங்குங்கள். சில நூறு ரூபாய் சீலுக்கு யோசித்து, ஆறு மாதம் கழித்து மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது கொடுமை.

இரண்டு கியர்பாக்ஸ்கள் உங்கள் கண்ணில் படும். பழையது எம்46: நான்கு கியர், அதன் பின்னால் மின்சாரத்தால் இயங்கும் ஓவர்டிரைவ், கியர் குமிழியில் உள்ள பொத்தானை அழுத்தினால் நான்காவது கியருக்கு மேல் ஒரு படி கிடைக்கும். எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது எம்47: சாதாரண ஐந்து கியர். எம்46 முறுக்கு விசையை அதிகம் தாங்கும். ஆனால் ஓவர்டிரைவுக்கென்று ரிலேயும் வயரிங்கும் சேர்ந்து வர வேண்டும். எம்47-இல் ஐந்தாவது கியர் உறையின் பின்கோடியில் ஒட்டுப்போட்டதுபோல் இருக்கிறது. ஆயில் குறைந்த நிலையில் ஓட்டப்பட்ட பெட்டிகளில் முதலில் அழிவது அங்குள்ள பேரிங்தான். வாங்குமுன் ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. மின்னும் செதில்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். டர்போ இல்லாத, சாதாரணமாக ஓட்டும் வோல்வோ பி230 இன்ஜினுக்கு நல்ல எம்47 போதும். டர்போ வைக்கும் எண்ணம் இருந்தால் எம்46-ஐத் தேடுங்கள்.

கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது முதல் வேலை. வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மேல், சமதளமான சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். ஜாக்கியை நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. இதில் எந்த விதிவிலக்கும் இல்லை.

ஆட்டோமேட்டிக் ஆயிலை வடித்து, ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றுங்கள். ஆயில் குளிர்விக்கும் அறை ரேடியேட்டருக்குள் தனியாக மூடப்பட்டிருப்பதால் தண்ணீர் கொட்டாது; அழுக்கு போகாமல் மூடி போட்டு விட்டுவிடலாம், ரேடியேட்டரை மாற்ற வேண்டியதில்லை. திராட்டில் சக்கரத்திலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் கிக்-டவுன் கேபிளையும், ஆயில் அளவுகோல் குழாயையும், செலக்டர் கம்பியையும் விடுவியுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் அதன் இரு பாதியும் சேரும் இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். டார்க் கன்வெர்ட்டரை டிரைவ் பிளேட்டிலிருந்து போல்ட் போல்ட்டாக, கிராங்க்கைச் சுற்றிச் சுற்றி விடுவித்த பிறகே பெட்டியைப் பின்னால் இழுக்க வேண்டும். கன்வெர்ட்டர் பெட்டியோடு சேர்ந்தே வர வேண்டும்.

பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள்தான் எல்லோரையும் சோதிப்பவை. மேலிருந்து கை போகாது. கிராஸ் மெம்பரைக் கழற்றி, பெட்டியின் வாலை ஜாக்கியில் மெல்ல இறக்கினால் இன்ஜின் பின்னால் சாயும். அப்போது நீண்ட எக்ஸ்டென்ஷன்களை ஒன்றோடொன்று கோத்து, பெட்டியின் மேலாகப் பின்னாலிருந்து ஸ்பானரை விடலாம். சாய்க்குமுன் முன் சைலன்சர் குழாயை விடுவியுங்கள், மின்விசிறி ரேடியேட்டர் உறையில் இடிக்கிறதா என்று ஒருவர் மேலே நின்று பார்க்கட்டும். பெட்டியின் எடை ஒருவர் தாங்கக்கூடியதல்ல. கியர்பாக்ஸ் ஜாக்கி வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள்.

ஃபிளைவீலின் நிலை

முழு வேலையிலும் அதிக கவனம் இங்கேதான் தேவை. 1989 முதல் வந்த 240-கள் பலவற்றில் போஷ் நிறுவனத்தின் எல்.எச். 2.4 எரிபொருள் அமைப்பு உண்டு. அதில் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்பதை பெல் ஹவுசிங்கின் மேலே உள்ள ஒரு சென்சார், ஃபிளைவீலின் விளிம்பிலுள்ள பற்களைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அறுபது பற்களுக்கான இடத்தில் ஐம்பத்தெட்டே இருக்கும். விடுபட்ட இரண்டு பற்களின் இடைவெளிதான் கணக்கின் தொடக்கம். ஸ்பார்க் எப்போது பாய வேண்டும் என்பதை அந்த இடைவெளி சொல்கிறது.

ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் வண்டியில் எல்.எச். 2.4 இருந்தால் ஃபிளைவீலிலும் அந்தப் பற்கள் இருக்க வேண்டும், பெல் ஹவுசிங்கிலும் சென்சாருக்கான இடம் இருக்க வேண்டும். பழைய வண்டியின் ஃபிளைவீல் பார்க்க அதேபோல் இருக்கும், துளைகளும் பொருந்தும், ஆனால் இன்ஜின் உயிர் பெறாது. 1988 வரையிலான வண்டிகள் அந்தக் குறிப்பை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எடுப்பதால் அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவது, ஃபிளைவீலைக் கிராங்க்கில் பிடிக்கும் எட்டு போல்ட்டுகளும் சம தூரத்தில் இருக்கின்றன. எட்டு விதமாகவும் மாட்டலாம், சரியானது ஒன்றுதான். எனவே டிரைவ் பிளேட்டைக் கழற்றுமுன் முதல் சிலிண்டரை டாப்பில் நிறுத்துங்கள். டிரைவ் பிளேட்டின் விளிம்பில் விடுபட்ட பற்களின் இடைவெளி எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு நேராக இன்ஜின் பிளாக்கில் குத்துளியால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராங்க் அசையக் கூடாது. ஃபிளைவீலின் இடைவெளி அதே புள்ளிக்கு நேராக வரும்படி மாட்டினால் முடிந்தது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெட்டியை மறுபடி இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. புள்ளி வைக்க ஐந்து நிமிடம் போதும்.

ஃபிளைவீலை மாட்டுமுன் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்குங்கள். நீல நிறத்தில் தீய்ந்த தடங்களும் மயிரிழை விரிசல்களும் ஆழமாக இருந்தால் வேறு தேடுங்கள். கிராங்க்கின் பின் சீலை மாற்றி, கிராங்க் முனையில் உள்ள துளையைத் துடைத்து, பைலட் பேரிங்கை உட்கார வைத்து அதன் பூட்டு வளையத்தைப் போடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தப் பேரிங் இருக்காது. இதை மறந்தால் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்டுக்குத் தாங்கல் இல்லாமல் போய், சில ஆயிரம் கிலோமீட்டரில் பெட்டியே கெட்டுவிடும். டிரைவ் பிளேட்டைப் பிடித்த போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடும். ஃபிளைவீலுக்கு அதற்கான புதிய போல்ட்டுகளைப் போட்டு, பூட்டுப் பசை தடவி, எதிரெதிராக 70 நியூட்டன் மீட்டர் வரை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் கருவி கிளட்ச் செட்டோடு பெரும்பாலும் வரும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்; ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் பிளேட் வளையும். ஸ்பிளைனில் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் சுழற்சியில் தெறித்துக் கிளட்ச் பிளேட்டில் விழும்.

ஏற்றுதலும் பெடலும்

மேனுவல் பெட்டி ஆட்டோமேட்டிக்கைவிடக் கணிசமாக எடை குறைவு. இருந்தாலும் பாதி நுழைந்த நிலையில் அதன் எடையைக் கிளட்ச் பிளேட்டின் மேல் தொங்கவிடாதீர்கள். நுழையவில்லை என்றால் போல்ட்டைப் போட்டு இழுத்து உட்கார வைக்கும் ஆசை வரும், செய்யாதீர்கள். பெட்டியை ஏதாவது கியரில் போட்டு, பின் ஃபிளேஞ்சைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஸ்பிளைன் நேர்ப்பட்டதும் தானாக உள்ளே போகும். மேனுவலின் கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்பாதி இரண்டையும் அந்தப் பெட்டியோடு வந்தவற்றையே மாட்டுங்கள். வெவ்வேறு வண்டியிலிருந்து சேர்த்த பாகங்கள் என்றால் முன்பே அளந்து பாருங்கள். நீளம் ஒத்துவராத ஷாஃப்டை ஷாஃப்ட் பட்டறையில் வெட்டி ஒட்டி, சமநிலை பார்த்துத்தான் வாங்க வேண்டும். சமநிலை பார்க்காத ஷாஃப்ட் வண்டியையே அதிரவைக்கும்.

ஆயிலில் பலர் தவறுகிறார்கள். மேனுவல் என்றதும் தடித்த கியர் ஆயிலை ஊற்றிவிடுவது பழக்கம். எம்46, எம்47 இரண்டுக்கும் வோல்வோ குறித்தது ஆட்டோமேட்டிக் பெட்டிக்குப் போடுகிற மெல்லிய ஏ.டி.எஃப். வகை ஆயில். தடித்த ஆயில் ஊற்றினால் குளிர்காலக் காலையில் இரண்டாவது கியரே விழாது. பக்கவாட்டுத் துளையின் விளிம்பு வரை நிரப்புங்கள்.

பெடல் பெட்டியை மாற்றும்போது டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகக் கிடக்க வேண்டியிருக்கும். முன் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டால் முதுகு தப்பிக்கும். இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட வண்டிகளில் பொதுவாகக் கிளட்ச் கேபிள்தான்; பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகளின் 240-களில் ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது தனி மாஸ்டர் சிலிண்டரும் ஸ்லேவ் சிலிண்டரும். பாகம் வாங்கும்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள். பெடல் பெட்டியோடு பிரேக் பெடலும் மாறுவதால், பிரேக் பூஸ்டரின் தண்டு பின்னோடு சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள். கிளட்ச் தவறினால் வண்டி நகராது. பிரேக் தவறினால் நிற்காது.

கேபிளைக் கிளட்ச் ஃபோர்க்கில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு இருக்கும்படி அமையுங்கள். தளர்வே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே தேயும்.

வயரிங்

சில கம்பிகளால் முடிகிற வேலை. ஆட்டோமேட்டிக் செலக்டரில் உள்ள சுவிட்ச், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும். செலக்டர் போனதும் அந்த இணைப்பு அறுந்து, சாவி திருப்பினால் சத்தமே வராது. அந்தச் சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் நேரடியாக இணைத்துவிடுவார்கள் பலர். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கியரில் நிற்கும் வண்டியில் குழந்தை சாவியைத் திருப்பினால் வண்டி பாய்ந்துவிடும். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்சைப் பொருத்தி அதன் வழியாக இணையுங்கள். பெடலை மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும். செலக்டரின் ரிவர்ஸ் விளக்குக் கம்பிகள் மேனுவல் பெட்டியின் பக்கத்தில் உள்ள சுவிட்சுக்குப் போக வேண்டும்.

எல்.எச். 2.4 வண்டிகளில், கியரில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்ற தகவல் ஐடிலைச் சரிசெய்ய இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் போகிறது. உங்கள் ஆண்டுக்கான வயரிங் படத்தை வைத்துக்கொண்டு, மேனுவல் வண்டியில் அந்தக் கம்பி எப்படி விடப்பட்டிருக்கிறதோ அப்படியே விடுங்கள். ஸ்பீடாமீட்டருக்கு எதுவும் செய்ய வேண்டாம். 1986 முதல் வந்த 240-களில் அதன் சென்சார் பின் ஆக்ஸிலில் இருக்கிறது. ஆக்ஸிலையும் மாற்றுபவர்கள் மட்டும் உள்ளே உள்ள சென்சார் வளையத்தில் 12 பல்லா 48 பல்லா என்று பார்க்க வேண்டும், ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் 48 இருக்கும்.

முதல் ஓட்டம்

ஸ்டாண்டின் மேல் வைத்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பின்சக்கரம் சுற்றுவதைப் பாருங்கள். ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று இடித்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைத் திரும்பப் பாருங்கள். கீழே இறக்கிய பிறகு முதலில் தெரு முனை வரைதான் போக வேண்டும். திரும்பி வந்து கீழே படுத்து ஆயில் கசிவையும் கிராஸ் மெம்பர் போல்ட்டுகளையும் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் அதிர்வு வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு பாதியும் நேர்ப்பட்டு மாட்டப்பட்டிருக்கின்றனவா, நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

புதிய கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு படிய முதல் 500 கிலோமீட்டருக்கு நகர ஓட்டமே நல்லது. மேட்டில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், இன்ஜினை உறுமவிட்டுக் கிளட்சை விடுவதும் வேண்டாம். பிளேட் படியப் படியக் கேபிளின் தளர்வு குறையும். 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஃபோர்க்கில் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். அன்றைக்கே கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துப் புதிதாக நிரப்பிவிடுங்கள். யார்டில் வெகுநாள் கிடந்த பெட்டிக்குள் சேர்ந்த ஈரமும் துருவும் அதோடு வெளியேறும்.